தேவகிருபை மதினியின் ஆட்டுக்கொழுப்பு டீசல்

புயல் ஆந்திரா பக்கம் திரும்பிப் போய்விட்டது. காசிமேட்டில் போட்டுகள் எல்லாம் பத்திரமாகக் கட்டிக் கிடக்கின்றன. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரும் வடிந்து, கரண்டும் வந்துவிட்டது. அப்பாடா என்று உட்கார இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. இந்த நிம்மதி கலைவதற்குள் என் மதினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே அவள் மறுபடி ஏதாவது செய்து என் வாயைக் கிளறினால் இவ்வளவு நல்ல விதமாகச் சொல்ல எனக்கு வராது.

மதினியின் பெயர் தேவகிருபை. என் அண்ணன் தங்கதுரையின் மனைவி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அண்ணன் திருவொற்றியூரில் பார் சோப்பு போடும் சின்ன கம்பெனி வைத்திருந்தான். துணி துவைக்கிற சோப்பு. மஞ்சளாக, செங்கல் போல இருக்கும். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் இவர்களோடு வந்து சேர்ந்தேன். பிறகு அண்ணனும் போய்விட்டான். ஊரில் இருக்கிற சொந்தமெல்லாம் கம்பெனியை விற்றுவிட்டு மகளோடு ஊருக்கு வந்துவிடு என்று போன் போட்டார்கள். மதினி போனை என்னிடம் கொடுத்து, "சொர்ணம், நான் சோப்புக் கொப்பரை கழுவிக்கிட்டு இருக்கேன்னு சொல்லிரு" என்று சொல்லிவிட்டாள். அதுதான் அவளுடைய பதில். சொந்தக்காரர்கள் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

சோப்புத் தொழில் தானாகவே படுத்துவிட்டது. எல்லா வீட்டிலும் பவுடர் வந்த பிறகு பார் சோப்பை யார் தேடுகிறார்கள்? மதினிக்கு அதில் பெரிய வருத்தம் எல்லாம் கிடையாது. கை அரிப்பு நின்றது என்று சந்தோஷம்தான் பட்டாள். மணலியில் லாரி ஷெட் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் பழைய கொப்பரைகளை விலைக்குக் கேட்டு வந்தார். பேச்சுவாக்கில், கழிவுக் கொழுப்பிலிருந்து டீசல் எடுக்கிறார்கள், அதை ஊற்றினாலும் லாரி ஓடுகிறது என்றார். மதினி அவருக்கு டீ கொடுத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, கொப்பரையை மட்டும் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

"சோப்புக்கும் கொழுப்பு, காஸ்டிக். டீசலுக்கும் கொழுப்பு, காஸ்டிக். தண்ணி ஊத்துற இடத்துல மெத்தனால ஊத்தணும், அவ்வளவுதான். இதுல என்னட்டி பெரிய வித்தை இருக்கு?" என்றாள் என்னிடம்.

வித்தை இருந்தது. முதல் தடவை சோப்பு வந்தது. இரண்டாம் தடவையும் சோப்புதான். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது டீசலாக மாட்டேன் என்று அடம்பிடித்து சோப்பாகிவிடுமாம். இவளோ இருபது வருஷமாகப் பாத்திரத்தைக் கழுவி ஈரத்தோடு அடுப்பில் ஏற்றிப் பழகியவள். கை தானாகத் தண்ணீர்க் குழாய்க்குப் போகும். அந்தச் சமயம் எங்கள் வீட்டில் குளிக்க, துவைக்க, தரை தேய்க்க எல்லாவற்றுக்கும் அந்த சோப்புதான். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தோம். கடைசியில் மதினி குழாய்க்கு ஒரு பூட்டுப் போட்டு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் டீசல் வந்தது.

வந்ததைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொழுப்பை உருக்கி, வடிகட்டி, ஈரம் போகக் காய்ச்சி, மெத்தனாலும் காஸ்டிக்கும் கலந்து கலக்கிவிட்டு அப்படியே விட்டால், கருப்பாகக் கிளிசரின் அடியில் இறங்கிவிடும். மேலே தேன் நிறத்தில் எண்ணெய் நிற்கும். அதுதான் டீசல் இஞ்சினுக்குப் போகிற சரக்கு. உரிமம், பரிசோதனை என்று அலைந்து திரிந்து எல்லாம் வாங்கினாள். மணலி ஷெட்காரரே முதல் வாடிக்கை. லாரிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் சாதாரண டீசலோடு கலந்து ஊற்றிக்கொள்வார்கள்.

கொழுப்பு கொண்டுவருவது மஜீது பாய். அவருக்கு ஒரு லோடு ஆட்டோ உண்டு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை கறிக்கடைகளில் வெட்டி ஒதுக்குகிற கொழுப்பு, கோழிக்கடைத் தோல், ஓட்டல்களில் பொரித்துத் தீர்ந்த எண்ணெய் எல்லாவற்றையும் அள்ளி வருவார். முன்பெல்லாம் அது சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டு கிடந்த கலீஜ். இப்போது எங்கள் வீட்டுச் சோறு.

ஆனால் அந்த வாசனை இருக்கிறதே! நான் ஒளித்து மறைத்துச் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாலும் சர்ச்சில் எங்கள் பெஞ்சில் எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். ஒரு கிறிஸ்மஸுக்கு மதினி சர்ச் ஜெனரேட்டருக்கு இந்த எண்ணெயைக் காணிக்கையாகக் கொடுத்தாள். இஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதன் புகை கறி வறுக்கிற வாசனை. போதகர் பிரசங்கத்தின் பாதியில் இருக்கும்போதே ஜனத்துக்கெல்லாம் பசி வந்துவிட்டது. அன்றைக்கு ஆராதனை சீக்கிரம் முடிந்ததற்கு என் மதினிதான் காரணம் என்று பலர் வந்து கைகொடுத்தார்கள்.

இப்படி எதற்கும் அசையாத மனுஷி, மகள் விஷயத்தில் மட்டும் ஆடிப்போய்விட்டாள். மகள் ரெஜி காசிமேட்டில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே சரக்கு கொடுக்க வருகிற தீபனைக் கட்டிக்கொள்வேன் என்று ஒரு நாள் வந்து நின்றாள். தீபன் மீன்பிடிக்கிற குடும்பம். சொந்தமாக ஒரு விசைப்போட்டு, அதில் அவனே டிரைவர். அவன் அம்மா பவுனம்மாள் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். அந்தப் பையனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

"கடலுக்குப் போறவனைக் கட்டிட்டு, வருவானா வரமாட்டானான்னு தெனம் வாசல்ல நிக்கணும். அந்தப் பாடு என் பிள்ளைக்கு வேண்டாம்" என்றாள் மதினி. வாயால் சொன்னது இது ஒன்றுதான். சாதி, மதம், சொந்தக்காரர் வாய் என்று மனசுக்குள் மற்றதும் இருந்தது, எனக்குத் தெரியாதா? ரெஜி ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். அதற்காக மதினி என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. குழாய்ச் சாவி என்னிடம் இருந்ததால் அவளுக்கு ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

குழந்தை பிறந்த பிறகு மகளும் மருமகனும் வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தார்கள். ஆனால் மதினி தீபனோடு நேராக ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவன் முன் ரூமில் உட்கார்ந்திருப்பான். இவள் சமையல்கட்டிலிருந்து, அவன் காதில் விழுகிற மாதிரியே சொல்வாள்.

"ரெஜி, அந்தத் தம்பி காபி குடிக்குமான்னு கேளு."

அவனும் சளைத்தவன் இல்லை. "குடிப்பாருன்னு சொல்லு ரெஜி."

"சீனி போடணுமாமா?"

"தூக்கலா போடச் சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் சும்மா நின்று கொண்டிருக்கும். யாரும் அதற்குக் காபி கொடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். ஆனால் அது மரியாதை. இது மரியாதை இல்லை, வீம்பு. மூன்று வருஷமாக நடந்த வீம்பு.

போன மாசம் ரெஜி வந்தாள். போட்டுக்கு அரசாங்கம் கொடுக்கிற மானிய டீசல் அந்த மாசத்துக்குத் தீர்ந்துவிட்டதாம். திரும்பி வரும் வழிக்கு உதவட்டும் என்று அம்மாவிடம் எண்ணெய் கேட்டாள். மதினி வடிகட்டுகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் மறுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் மஜீது பாயிடம் தனியாகப் போய்ப் பேசுகிறாள்.

"ஆட்டுக்கொழுப்பு மட்டும் எடுத்துட்டு வாங்க பாய். வேற எதுவும் கலக்கக் கூடாது."

"இன்னாக்கா, எப்பவும் எல்லாம் சேத்துதானே போடுவோம்? ஆரு ஆர்டரு?"

"சொன்னதைச் செய்யுங்க பாய்."

பாய் போன பிறகு நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் போட்டுல அம்மன் படம் வச்சி, பூ போட்டுக் கும்பிடுதாங்க. அதுல போயி மாடும் கோழியும் கண்டதும் கலந்து ஊத்தலாமாட்டி? தப்பில்லையா?" இதைச் சொல்லும்போது அவளுக்கு என் மேல் கோபம் வேறு. யாருக்கும் சொல்லிவிடாதே என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

அந்த எண்ணெயைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் மேலே வெள்ளையாகப் படியும் இல்லையா, அந்தக் குணம் டீசலான பிறகும் முழுதாகப் போகாது. குளிர் பட்டால் இறுகும். கோழிக்கொழுப்பும் ஓட்டல் எண்ணெயும் சேர்ந்தால் இளகலாக நிற்கும். சுத்த ஆட்டுக்கொழுப்பு அப்படி நிற்காது. ஒரு தடவை பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைத்துப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. மதினிக்கு இது தெரியும். ஆனால் திருவொற்றியூர் என்ன ஊட்டியா? மார்கழியில்கூட நாங்கள் மின்விசிறி போட்டுத்தான் தூங்குகிறோம். அதனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கேன்களை ஆட்டோவில் ஏற்றும்போது மகளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெயில்ல வைக்க வேண்டாம்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிரு." ரெஜியும் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

தீபன் கடலுக்குப் போன சில நாளில் காற்றழுத்தம் புயலாகிறது என்று அறிவிப்பு வந்தது. கடலில் இருக்கிற போட்டுகள் எல்லாம் உடனே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து தூறல். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மதினியின் போன் அடித்தது. ரெஜி அழுதுகொண்டே பேசியது எனக்கே கேட்டது. எல்லாப் போட்டும் வந்துவிட்டது, தீபன் போட்டு மட்டும் வரவில்லை. நடுக்கடலில் டீசல் போகாமல் இஞ்சின் நின்றுவிட்டதாம்.

மதினி போனை வைக்கவே மறந்துவிட்டாள். "என் எண்ணெயா?" என்று மட்டும் கேட்டாள். என்னைக் கேட்டாளா, அந்தப் போனைக் கேட்டாளா, தெரியவில்லை. மஜீது பாயின் ஆட்டோவில் முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து காசிமேட்டுக்குப் போனோம். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள். மதினி ஒவ்வொரு லாரியையும் திட்டிக்கொண்டே வந்தாள். அவள் திட்டுவதை நிறுத்தினால்தான் எனக்குப் பயம், அதனால் நான் தடுக்கவில்லை.

துறைமுகத்தில் போட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. தீபனின் தோஸ்து பிரகாஷ் தன் போட்டில் வயர்லெஸ் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கூட்டம். ரெஜி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் பவுனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மதினியிடம் வந்தாள்.

"இன்னாம்மா எண்ணெ குட்த்த என் புள்ளைக்கு? காத்து எப்டி அடிக்குது பாரு! எல்லாரு புள்ளையும் வூட்டுக்கு வந்துட்ச்சி. என்து மட்டும் தண்ணில ஆடிகினு கீது!"

மதினிக்கு யார் எதிரில் நின்றாலும் பதில் ரெடியாக இருக்கும். அன்று அவள் கண் வயர்லெஸ் பெட்டியை விட்டு நகரவில்லை. அவள் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்தது என் அண்ணனை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தபோதுதான். மருமகன் இல்லாமல் மகள் நிற்பாள், அதற்குத் தன் கையால் காய்ச்சிய எண்ணெய் காரணமாக இருக்கும் என்ற நினைப்பு அவளை நிற்கவிடவில்லை. போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் வயர்லெஸ்ஸில் தீபன் குரல் வந்தது. இரைச்சலோடு வந்தாலும் அவன் குரல்தான். ரெஜி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமு, டேங்கு காலி. கேனைத் தொறந்தா எண்ணெ கல்லு மாரி கீது. கொஞ்சம் நோண்டி ஊத்தனேன், பில்டரு அட்ச்சிக்கிச்சு. இஞ்சின் எடுக்கல."

"எண்ணெ எப்டிடா கல்லாவும்?" என்றான் பிரகாஷ். "எங்க வெச்ச கேனை?"

"ஐஸ்லதான்."

"ஐஸ்லயா? எதுக்குடா?"

"வெயில்ல வெக்காதன்னு சொல்லி அனுப்னாங்க. கொழுப்பு எண்ணெயாச்சே மாமு, கவுச்சி சமாச்சாரம். ஐஸ்ல வெக்காங்காட்டி கெட்டுடாதா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நியாயம்தானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மாமிசம் என்றால் ஐஸில் வை என்றுதான் அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்தத் துறைமுகத்தில் யாரிடம் அந்தக் கேனைக் கொடுத்திருந்தாலும் நேராக ஐஸ் பெட்டிக்குத்தான் போயிருக்கும். மதினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐஸ்லயா வச்சான்... ஐயோ ஆண்டவரே, ஐஸ்லயா வச்சான்" என்று முனகினாள். இஞ்சின் கெடவில்லை, எண்ணெயும் கெடவில்லை, உறைந்துதான் போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

அடுத்து தீபன் சொன்னதைக் கேட்டதும் அந்த ரத்தமும் போய்விட்டது.

"வெயிலு இல்ல மாமு, மழ கொட்டுது. கேனைக் கட் பண்ணி எண்ணெயைக் குண்டான்ல போட்டு கேஸ் அடுப்புல வெச்சு உருக்கலாம்னு கீறோம். அடுப்பைப் பத்த வெச்சாச்சு."

எங்கள் கொப்பரை தரையில் அசையாமல் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே தீயை வைத்துக்கொண்டு மதினி எவ்வளவு பயந்து வேலை பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆடுகிற போட்டில், சின்ன கேபினில், திறந்த நெருப்பின் மேல் ஒரு குண்டான் எரிபொருள். ஒரு அலை வந்து சாய்த்தால் போதும்.

"பிரகாஷு, அந்தத் தம்பிகிட்ட சொல்லு, அடுப்புல வைக்க வேண்டாம்னு சொல்லு!" என்று மதினி கத்தினாள். அந்த நிலையிலும் 'அந்தத் தம்பி'தான். பிரகாஷ் பட்டனை அழுத்தி, "தீபா, உங்க அத்தே இன்னா சொல்றாங்கன்னா..." என்று நிதானமாக ஆரம்பித்தான். அவன் எதையும் நிதானமாகத்தான் ஆரம்பிப்பான் போலிருக்கிறது. மதினி அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"மாப்பிள்ள! அடுப்ப அணைங்க! முதல்ல அடுப்ப அணைங்க மாப்பிள்ள!"

அந்த வயர்லெஸ் போன் மாதிரி இல்லை. ஒருவர் பேசினால் அதே சேனலில் இருக்கிற எல்லாப் பெட்டியிலும் கேட்கும். அன்று கரையில் கட்டியிருந்த போட்டுகளில் பாதிக்கு மேல் பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் காத்திருந்தார்கள். என் மதினியின் 'மாப்பிள்ள' இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரிசையாக ஒவ்வொரு போட்டிலிருந்தும் கேட்டது. மூன்று வருஷமாகப் பூட்டி வைத்த சொல், துறைமுகம் முழுக்கப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, "அணச்சிட்டேன் அத்தே."

"கேனை மூடி இறுக்கிக் கயித்துல கட்டுங்க. கட்டி, கடல்ல இறக்கி விடுங்க."

"கடல்லயா? தூக்கிப் போட்டுடவா?"

"போட்டுராதிய! கட்டித் தொங்க விடுங்க. கடல் தண்ணி வெதுவெதுன்னுதான இருக்கும்? அந்தச் சூடு போதும். அதுவா இளகிரும். பழைய மாதிரி தண்ணியா வந்த பொறவு மேல இழுத்து, துணியில வடிகட்டி ஊத்துங்க. வேற பில்டர் இருக்கா?"

"கீது அத்தே. பைப்புல பூந்த ஏரை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணிடுவேன். அத்தே, இது இன்னா கொழுப்பு, இம்மா இறுக்கமா கீது?"

மதினி தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றி இத்தனை பேர். பிறகு சொல்லிவிட்டாள். "சுத்த ஆட்டுக்கொழுப்பு மாப்பிள்ள. உங்க போட்டுல அம்மன் இருக்காளேன்னு வேற எதையும் சேக்கல. அதான் இப்பிடி இறுகிட்டு. குளிர் ஆகாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்புதான்."

பவுனம்மாள் அதுவரை முறைத்துக்கொண்டே நின்றவள், "ஐயே" என்று மட்டும் சொன்னாள். பிறகு மதினியின் கையைப் பிடித்து ஒரு வலைக் குவியலின் மேல் உட்கார வைத்தாள். தன் முந்தானையால் அவள் தலையை மழைக்கு மூடினாள். கடலோரக் காவல் படைக்கும் சொல்லியாகிவிட்டது, அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்குள் காற்று போட்டை எங்கே தள்ளுமோ என்றுதான் எல்லாருக்கும் பயம். மதினி கண்ணை மூடி ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பவுனம்மாள் தன் அம்மனிடம் உரிமையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பக்கமும் ஆமென் போட்டேன். அந்த நேரத்தில் யாரை விடுவது?

பெட்டியில் மறுபடி இரைச்சல் வந்தபோது எல்லாரும் அதை நெருங்கிப் போனோம். அவன் பேசுவதற்கு முன்னாலேயே பின்னால் டகடகவென்று இஞ்சின் சத்தம் கேட்டது. "அத்தே, எடுத்துக்கிச்சு! சூப்பரா ஓடுது! வந்துகினே கீறேன்!" என்றான். பக்கத்துப் போட்டுகளிலிருந்து விசில் பறந்தது. யாரோ ஒருவன் தன் வயர்லெஸ்ஸிலேயே, "மாப்பிள்ள, பாத்து வாங்க மாப்பிள்ள!" என்று மதினி மாதிரியே கூவினான். மதினி அதற்குக்கூடக் கோபப்படவில்லை.  நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ரெஜி அழுதாள், குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

வெளிச்சம் இருக்கும்போதே போட்டு முகத்துவாரத்துக்குள் வந்துவிட்டது. அதன் புகை எங்கள் பக்கம் வந்ததும் கரையில் எல்லாருக்கும் ஆட்டுக்கறி வறுக்கிற வாசனை. "இன்னாடா, பிரியாணியா எட்த்துகினு வர?" என்று பிரகாஷ் கத்தினான். தீபன் கயிற்றை வீசிவிட்டுக் குதித்து இறங்கினான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். பவுனம்மாள் அவனைக் கட்டிப்பிடித்து, முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். அப்புறம் ரெஜி, குழந்தை. அதற்கப்புறம் அவன் மதினியின் முன்னால் வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

மதினி வழக்கம்போல ரெஜி பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"வெயில்ல வைக்காதியன்னுதான் சொல்லி அனுப்பினேன். நெழல்ல வச்சா போதாதா? யாராவது எண்ணெய ஐஸ்ல வைப்பாங்களா மாப்பிள்ள?"

"பெரிய வஞ்சரத்தைக்கூட மேல போட்டுட்டு, கேனைத்தான் அடி ஐஸ்ல பொதச்சி வெச்சிருந்தான் அத்தே. அவன் ஆளுங்களைக் கேளுங்க" என்று பிரகாஷ் எடுத்துக்கொடுத்தான்.

தீபன் தலையிலிருந்து வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்தான். "இல்ல அத்தே, கண்ணாலம் கட்டி இத்தினி வருசத்துல நீங்க எனக்குன்னு குட்த்த மொத பொருளு அது. என் கைல வந்து கெட்டுப்போச்சுன்னு ஆயிடக் கூடாதுன்னு நெனச்சேன். அத்தொட்டுதான், இருக்கறதுலயே நல்ல எடமா பாத்து வெச்சேன்."

என் மதினி அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று துறைமுகத்தில், அத்தனை பேர் முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். அழுகையோடே தன் சேலைத் தலைப்பை எடுத்து அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். அவன் உயரம், குனிந்து கொடுத்தான்.

"இனிமே எதுன்னாலும் என்கிட்டயே கேளுங்க" என்றாள்.